உதவி நாடும் பெண்ணுக்கு அரசின் விடை என்ன?

தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21), கர்நாடகத்தில் மணமான பெண்களில் 44 சதவீதத்தினர் கணவரின் வன்முறைக்கு உள்ளாகியுள்ளனர். நாட்டிலேயே இதுதான் மிக அதிகம். முந்தைய சுற்றில் இது 21 சதவீதமே. ஆயினும், நாடு முழுவதும் பாதிக்கப்பட்டோரில் உதவி நாடியவர்கள் 14 சதவீதத்தினரே.

அது அச்சம் மட்டுமன்று. பெங்களூரு பீன்யாவின் ஆடைத் தொழிலாளி நீதிமன்றம் சென்றால் அன்றைய கூலி போகும்; வீட்டைவிட்டு வெளியேறினால் தங்க இடமில்லை. வாடகை வீட்டிலும் குடியிருக்கும் உரிமையை 2005ஆம் ஆண்டுச் சட்டம் அளிக்கிறது. ஆனால், பாதுகாப்பு அலுவலர் பொறுப்போ குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரின் கூடுதல் சுமையாக்கப்பட்டுள்ளது.

முழுநேரப் பாதுகாப்பு அலுவலர், தொழிற்பகுதிதோறும் தங்கும் இல்லம், வழக்கு நாளுக்கு ஊதியத்துடன் விடுப்பு: இக்கோரிக்கைகள் ஆலை வாயிற்கூட்டங்களில் ஒலிக்க வேண்டும். ‘குடும்ப விவகாரம்’ என ஒதுங்குவது ஆணாதிக்கத்திற்குத் துணைபோவதே. தோழர்களின் இல்லங்களும் இதற்கு விலக்கல்ல.