நொந்தால் காட்டுவோம் என்பவர்களுக்கு

வீட்டுக்கு வந்தவரை வெற்றிலை கொடுத்து உபசரிப்பது கரவெட்டி மக்களாகிய நமது பழைய மரபு. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்போடு யாழ்ப்பாணத்துப் புகையிலையும் சேர்த்துச் சப்புவோர் இன்றும் நம்மிடையே உளர். புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றுநோயை விளைவிக்க வல்லது என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் தெளிவாக உரைத்துள்ளது. இலங்கை ஆண்களைப் பீடிக்கும் புற்றுநோய்களுள் வாய்ப் புற்றுநோய் முன்னிற்கின்றது.

கன்னத்தின் உட்புறத்தில் வெண்திட்டு ஒன்று தோன்றினால் நாம் என்ன சொல்கின்றோம்? “நோவில்லையே, நொந்தால் காட்டுவோம்” என்கின்றோம். இந்நோயோ தொடக்கத்தில் பெரும்பாலும் நோவதில்லை. நோவு எழும்போது நரம்புகளும் அதற்குள் அகப்பட்டிருத்தல் கூடும்.

புற்றுநோய்க் கலங்கள் நரம்பின் உறையைப் பற்றி அதன் வழியே ஊர்ந்து பரவுவதை வைத்தியர்கள் நுணுக்குக்காட்டியில் நெடுங்காலமாகவே கண்டுவந்துள்ளனர். ஆயின், நரம்பு வெறும் பாதை மாத்திரமன்று என்பதை அண்மைக்கால ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. நமது இரத்தத்தில் உலாவும் ரி-கலங்கள் என்னும் காவலர் புற்றுநோய்க் கலங்களை இனங்கண்டு கொல்ல வல்லவை. கனடாவின் மொன்றியல் பல்கலைக்கழகத்தாரும் பிறரும் 2022இல் வெளியிட்ட ஆய்வொன்று, தோற் புற்றுநோயுற்ற எலிகளில் நிகழ்வதை விளக்கிற்று. கட்டி தன் அயலிலுள்ள நோவுணர்த்தும் நரம்புகளைத் தூண்டுகின்றது. அந்நரம்புகள் ஒரு புரதத் துணுக்கைச் சுரக்கின்றன. அது பட்ட காவற் கலங்கள் சோர்ந்துவிடுகின்றன. அந்நரம்புகளை அகற்றியபோது சோர்வு குறைந்தது. கட்டியின் வளர்ச்சி தளர்ந்தது. எலிகளும் நெடுநாள் பிழைத்தன. நோவைப் பறைசாற்ற வேண்டிய நரம்பே காவலரை அடக்கிவைப்பது வியப்பன்றோ!

இதனைக் கேட்டு, நரம்பை அறுத்தால் நோய் தீரும் என்று எவரும் எண்ணற்க. இது எலிகளிற் கண்ட முடிவு. அதே புரதத் துணுக்கைத் தடுத்து ஒற்றைத் தலைவலியைத் தணிக்கும் மருந்துகள் இன்று உள்ளன. அவை புற்றுநோயாளருக்கும் உதவுமா என்பதை இனி வரும் ஆராய்ச்சியே சொல்ல வேண்டும். அதுவரை நம் கையில் உள்ளது காலம் ஒன்றே.

ஆகவே, இரண்டு மூன்று கிழமைகளில் ஆறாத புண், வெண்திட்டு, செந்திட்டு, உறைப்புப் பட்டால் எரிவு, வாயைத் திறக்க இயலாமை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் பல் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். வெற்றிலை சப்பும் பழக்கத்தையும் அன்றே விட்டுவிடுதல் நன்று.

தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை அமைப்பதற்காக 2011இல் அன்பர்கள் பலர் தெய்வேந்திரமுனையிலிருந்து 27 நாட்கள் நடந்து, நமது அயலூராகிய பருத்தித்துறையை அடைந்தனர். நாட்டின் தென்கோடியிலிருந்து நமக்காக நடந்து வந்தோர் இருக்க, நாம் தெல்லிப்பழை வரையேனும் காலத்தோடு போகலாகாதா?