வாசிப்பது வேறு! புரிவது வேறு!

காவலர் தேர்வில் ஆங்கிலப் பத்தியை வெல்வது எப்படி?

மத்திய அரசாங்கத்தின் காவல் படைகளில் சேர விரும்பும் தமிழ் வாலிபர்களுக்கு இருந்த பெரிய தடை நீங்கிவிட்டது. ஆனால் சிறிய தடை ஒன்று இன்னும் இருக்கிறது. அதுதான் ஆங்கிலப் பத்தி!

எல்லைப் பாதுகாப்புப் படை, மத்திய சேமக் காவல் படை, மத்திய தொழிற் பாதுகாப்புப் படை முதலிய படைகளுக்குக் காவலர்களை எடுக்க ஒரே பரீட்சை நடக்கிறது. முன்பு இந்தப் பரீட்சை இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருந்தது. கணக்கில் கெட்டிக்காரனான கிராமத்துப் பையன்கூட, கேள்வி புரியாமல் திகைத்தான்.

2023 ஏப்ரல் மாதம், சேமக் காவல் படைத் தேர்வில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின், மத்திய உள்துறை மந்திரி அமித்ஷாவுக்குக் கடிதம் எழுதினார். அதே மாதத்தில், தமிழ் உள்பட 13 மாநில மொழிகளிலும் காவலர் தேர்வு நடைபெறும் என்று உள்துறை அறிவித்தது. 2024 பிப்ரவரியில் முதன்முதலாகத் தமிழிலும் வினாத்தாள் வந்தது.

கால் பங்கு மார்க்!

இனிமேல் ஆங்கிலம் வேண்டாமா? அப்படி அல்ல.

அந்த 2024-ம் ஆண்டுத் தேர்வில் மொத்தம் 80 கேள்விகள், 160 மார்க். நேரம் 60 நிமிடம். அறிவுத்திறன், பொது அறிவு, கணக்கு ஆகிய மூன்று பகுதிகளையும் தமிழில் எழுதலாம். நான்காவது பகுதி மொழிப் பகுதி. அதில் ஆங்கிலம் அல்லது இந்தி, இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். அதற்கு 20 கேள்விகள், 40 மார்க். அதாவது கால் பங்கு!

இந்தப் பகுதியில்தான் ஒரு பத்தியைக் கொடுத்து, அதிலிருந்து கேள்வி கேட்கிறார்கள். பல பையன்கள் அதைப் பார்த்ததும் பயந்து விட்டுவிடுகிறார்கள்.

பயத்துக்குக் காரணம் என்ன?

"ஏசர்" என்னும் கல்வி ஆய்வு 2023-ல் 26 மாநிலங்களில் நடந்தது. தமிழ்நாட்டில் பெரம்பலூர் மாவட்டத்தில் நடந்தது. 14 வயது முதல் 18 வயது வரை உள்ளவர்களிடம் எளிய ஆங்கில வாக்கியங்களைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். 100 பேரில் 57 பேர் படித்தார்கள். படித்த அந்த 57 பேரில் சுமார் 42 பேர்தான் பொருளும் சொன்னார்கள். மற்ற 15 பேர் எழுத்துக் கூட்டி வாசித்தார்கள், பொருள் தெரியவில்லை!

வாசிப்பது வேறு. புரிவது வேறு. பரீட்சையில் கேட்பது இரண்டாவதை.

முதலில் கேள்வி; பிறகு பத்தி

ஒரு கேள்விக்குச் சராசரி 45 விநாடிதான் கிடைக்கிறது. ஆகவே, முதலில் கேள்விகளைப் படிக்க வேண்டும். எதைத் தேடப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு பத்திக்குள் போனால், விடை இருக்கும் வரி கண்ணில் படும். சந்தைக்குப் போகுமுன் என்ன வாங்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவதுபோல!

தெரியாத சொல் வந்தால் நின்றுவிடக் கூடாது. முன்னும் பின்னும் உள்ள சொற்களைப் பார்த்தால் பாதிப் பொருள் விளங்கிவிடும். "பேங்க்" என்றால் பணம் போடும் இடம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆற்றங்கரைக்கும் "பேங்க்" என்றே பெயர். பத்தியில் மீனவர் வலை உலர்த்துகிறார் என்றால், அது எந்த "பேங்க்" என்று சொல்லவா வேண்டும்?

சின்னச் சொற்களில்தான் கண்ணி இருக்கிறது. "நாட்" என்றால் இல்லை. "எக்செப்ட்" என்றால் தவிர. "ஒன்லி" என்றால் மட்டும். இவற்றைக் கவனிக்காமல் விட்டால், பத்தி முழுவதும் புரிந்தும் விடை தப்பிவிடும். "பட்" என்ற சொல் வந்தால், கருத்து அங்கே திரும்புகிறது என்று அர்த்தம். பல நேரங்களில் விடை அதற்குப் பின்னால் இருக்கும்.

ஏரி ஏன் வற்றியது?

ஓர் உதாரணம் பார்ப்போம். பத்தி இப்படி இருக்கிறது:

"அந்த ஊர் ஏரியை ஊரார் கோடைதோறும் தூர் வாருவார்கள். ஐந்து ஆண்டுகளாக யாரும் வாரவில்லை. மழை வழக்கம்போல் பெய்தது. ஆனால் மண் மேடிட்ட ஏரியில் தண்ணீர் அதிகம் தங்கவில்லை. தை மாதமே ஏரி வற்றியது."

கேள்வி: ஏரி ஏன் சீக்கிரம் வற்றியது? விடைகள்: மழை இல்லை, தண்ணீரை அதிகம் இறைத்துவிட்டார்கள், தூர் வாரவில்லை, கரை உடைந்தது.

விவசாயி வீட்டுப் பையன் "மழை இல்லை" என்று குறிக்கக்கூடும். அவன் ஊரில் அப்படி நடந்திருக்கலாம். ஆனால் பத்தியில் மழை பெய்தது! அதிகம் இறைத்தார்கள் என்றோ, கரை உடைந்தது என்றோ பத்தியில் ஒரு சொல்லும் இல்லை. தூர் வாராததே சரியான விடை.

நமக்குத் தெரிந்தது எது என்று கேட்கவில்லை. பத்தி சொல்வது எது என்றுதான் கேட்கிறார்கள். இதுவே இந்தக் கேள்விகளின் ரகசியம்.

விட்டுவிடலாமா?

தப்பான விடைக்கு மார்க் குறையும் என்று பயந்து, சிலர் ஒன்றும் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். கணக்குப் பார்த்தால் இது நஷ்டம்.

2024 தேர்வில் சரியான விடைக்கு 2 மார்க். தப்புக்குக் கால் மார்க் குறையும். நான்கு விடைகளில் இரண்டு நிச்சயமாகத் தப்பு என்று தெரிந்து, மீதி இரண்டில் ஒன்றைக் குறித்தால், இரண்டு கேள்விக்கு ஒன்றாவது சரியாக வரும் என்று எதிர்பார்க்கலாம். வரவு 2, செலவு கால். மிச்சம் ஒன்றே முக்கால்!

எல்லாப் பரீட்சையிலும் இப்படி அல்ல. ஐ.ஏ.எஸ். முதல்நிலைத் தேர்வில் தப்புக்கு மூன்றில் ஒரு பங்கு குறைப்பார்கள். அங்கே கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் லாபம் இல்லை. விதி மாறுவதும் உண்டு. அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அம்மாவும் ஆசிரியர்தான்

தினம் ஒரு பத்தி போதும். பழைய பாடப்புத்தகத்தில் உள்ள பத்தியே போதும்.

வீட்டில் யாருக்கும் ஆங்கிலம் தெரியாதே என்று கவலை வேண்டாம். மகன் ஒரு பத்தியைப் படித்து முடித்ததும், "அதில் என்னப்பா சொல்லியிருக்கு? தமிழில் சொல்லு" என்று அம்மா கேட்கலாம். தங்குதடை இல்லாமல் சொன்னால் பெரும்பாலும் புரிந்துகொண்டான் என்று அர்த்தம். மென்று விழுங்கினால், இன்னொரு முறை படிக்கச் சொல்ல வேண்டும். இதற்கு ஆங்கிலம் தேவை இல்லை. அரை மணி நேரமும் அக்கறையும் போதும்.

முக்கால் பங்குப் பரீட்சையின் கதவைத் தமிழ் திறந்துவிட்டது. மீதிக் கால் பங்குக்காக உத்தியோகத்தை இழக்கலாமா?