நஞ்சுக்கும் கைக்கும் இடையே

விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள செஞ்சி, மூன்று குன்றுகளை மதிலால் இணைத்த கோட்டையால் புகழ்பெற்ற ஊர். 2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்கள் பட்டியலில், மராத்தியர் படைத்தளங்களுள் ஒன்றாக இக்கோட்டையும் இடம்பெற்றது. காண வருவோர் மதிலின் உயரத்தைக் கண்டு வியப்பர். ஆயினும், கோட்டையின் வலிமை உயரத்தில் மட்டும் இல்லை. அகழி, வாயிலுக்குப் பின் வாயில், செங்குத்தான படிகள், இராசகிரியின் உச்சியை நெருங்குமிடத்தில் பாறைப்பிளவின்மேல் அமைந்த பாலம் என ஒவ்வொன்றும் பகைவனைச் சற்று நிறுத்திவைக்கும். அந்தத் தாமதமே உள்ளிருப்போருக்குக் காவல். முகலாயப் படையின் முற்றுகை 1690 முதல் 1698 வரை நீண்டதில் இவ்வமைப்புக்கும் பங்குண்டு. நெல்லைச் சேமித்த களஞ்சியம் ஓரிடத்திலும் வெடிமருந்துக் கிடங்கு வேறோரிடத்திலுமாக அங்கே தனித்தனியே இருந்தன.

கோட்டையைச் சூழ்ந்த ஊர்களில் நெல்லும் மணிலாவும் விளைகின்றன. தமிழகத்தின் எந்த வேளாண் ஊரையும் போலவே, இங்கும் பயிருக்குத் தெளித்து எஞ்சிய பூச்சிக்கொல்லி வீட்டுக்கே திரும்புகிறது. பரணிலோ நெல்மூட்டையின் அருகிலோ அது இடம்பிடிக்கிறது. கோட்டை கட்டியோர் தனித்தனியே வைத்ததை, வீடு கட்டியோர் ஒரே கூரையின்கீழ் வைத்துவிட்டனர்.

மருந்து என்னும் பெயர்

உயிரைக் காப்பதும் மருந்து. பூச்சியைக் கொல்வதும் பேச்சுவழக்கில் மருந்து. ‘மருந்து அடிக்கப் போயிருக்கிறார்’ என்று சொல்லும் வீட்டில் ‘நஞ்சு தெளிக்கப் போயிருக்கிறார்’ என்று எவரும் சொல்வதில்லை. நாள்தோறும் கையாளும் பொருளிடம் அச்சம் மறைவது மனித மனத்தின் இயல்பு. இதமான பெயர் எஞ்சிய அச்சத்தையும் போக்கிவிடுகிறது. பூச்சிக்கொல்லிக் கலனின்மீது நச்சுத்தன்மையைக் காட்டும் வண்ணக் குறியீடு இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. ஆனால், குளிர்பானப் புட்டியில் ஊற்றிவைக்கும்போது அந்த எச்சரிக்கை பழைய கலனோடு நின்றுவிடுகிறது. பீகாரின் சரண் மாவட்டத்தில் 2013 ஜூலையில் பள்ளி மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் உயிரிழந்தனர். சமையல் எண்ணெயில் பூச்சிக்கொல்லி கலந்திருந்ததை ஆய்வு உறுதிசெய்தது. அடுக்களைக்கும் நஞ்சுக்கும் இடையே தொலைவு இல்லாமற் போனதன் விலை அது.

ஒரு கணத்தின் வேகம்

தவறுதலாக நேர்வது ஒருபுறம். துயரத்தில் தேடிச்செல்வது மறுபுறம். தேர்வுத் தோல்வி, வீட்டுச் சண்டை, கடன், அவமானம் போன்றவை மனத்தை ஒரே சுவர் மட்டும் தெரியும் இடத்துக்குத் தள்ளுகின்றன. அந்நிலையில் மனம் மாற்று வழிகளைக் காண்பதில்லை. ஆனால், அந்நிலை நிலையானதன்று. உயிர்பிழைத்தோரிடம் நடத்திய ஆய்வுகளில், எண்ணத்துக்கும் செயலுக்கும் இடையே சில நிமிடங்களே கடந்ததாகப் பலர் கூறியுள்ளனர். பிழைத்தோரில் மிகப் பெரும்பாலோர் பின்னர் வாழ்வைத் தொடர்கின்றனர். அலை தணியும்வரை நஞ்சு கைக்கு எட்டாதிருந்தால், ஓர் உயிர் மீளும் வாய்ப்பு மிகுதி.

‘துணிந்தவர் வேறு வழியைத் தேடிக்கொள்வார், மறைத்து வைப்பதால் பயன் என்ன?’ என்று கேட்போர் உண்டு. இலங்கையின் பட்டறிவு இதற்கு விடை தருகிறது. உலகிலேயே தற்கொலை மிகுந்த நாடுகளுள் ஒன்றாக 1990களில் இருந்த அந்நாடு, கொடிய நச்சுத்தன்மை கொண்ட பூச்சிக்கொல்லிகளைப் படிப்படியாகத் தடை செய்தது. பின்வந்த இருபது ஆண்டுகளில் தற்கொலை வீதம் சுமார் 70 விழுக்காடு குறைந்தது. தடைகளால் நெல் விளைச்சல் வீழ்ந்துவிடவும் இல்லை. கொடிய நஞ்சு அகன்றபோது உயிர்கள் எஞ்சின.

பூட்டு மட்டும் போதுமா?

வீட்டுக்கொரு பூட்டுப்பெட்டி கொடுத்தால் போதும் என்பது எளிய தீர்வாகத் தோன்றலாம். இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் அவ்வாறு பெட்டிகள் வழங்கி நடத்திய பெரிய ஆய்வு 2017இல் வெளிவந்தது. எதிர்பார்த்த பயன் அதில் கிட்டவில்லை. திறவுகோல் வீட்டிலேயே இருக்கும்போது பூட்டு பெரிய தடையாவதில்லை போலும்.

சென்னையில் 1986 முதல் இயங்கிவரும் சிநேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பை நிறுவிய மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவர்தம் குழுவினரும் காட்டுமன்னார்கோயில் பகுதியில் வேறொரு வழியை ஆராய்ந்தனர். ஊருக்குப் பொதுவான சேமிப்பறை அமைத்து, உழவர் ஒவ்வொருவருக்கும் பூட்டுள்ள பெட்டியை அங்கே ஒதுக்கினர். தேவையான அன்று நடந்து சென்று எடுத்துவரும் முறையை உழவர்கள் ஏற்றுக்கொண்டனர். 2013இல் வெளியான அந்த ஆய்வு சிறியதே. எனினும், அது காட்டும் திசை தெளிவானது. நஞ்சுக்குத் தேவை பூட்டு மட்டுமன்று, தொலைவும்தான்.

ஆகவே, செஞ்சி வட்டாரத்தின் ஊர்தோறும் இத்தகைய பொதுச் சேமிப்பறை ஒன்று அமைவது நன்று. வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்கள் விதையும் உரமும் வைக்க இடம் தருகின்றன. நஞ்சைக் காத்துவைக்கவும் ஓர் அறை தரலாம். தேவைக்கு மேல் வாங்காமை, வேறு புட்டியில் ஊற்றாமை, வெறுங்கலனை வீட்டுப் பயன்பாட்டுக்கு எடுக்காமை ஆகியவை ஒவ்வொரு குடும்பமும் இன்றே தொடங்கத்தக்கவை. எவரேனும் நஞ்சு உட்கொண்டதாக ஐயம் எழுந்தாலே, வீட்டு வைத்தியத்தில் நேரம் போக்காமல் 108 ஊர்தியை அழைத்துக் கலனுடன் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

மனத்துக்கும் வாயில்கள் தேவை. துயருற்றவரிடம் ‘என்ன ஆயிற்று?’ என்று கேட்கும் நண்பர் ஒரு வாயில். மாணவரின் முகவாட்டத்தைக் கண்டு தனியே அழைத்துப் பேசும் ஆசிரியர் மற்றொரு வாயில். தமிழக அரசின் 104, நாடு தழுவிய மனநலச் சேவையான 14416 ஆகிய எண்கள் எந்நேரமும் திறந்திருக்கும் வாயில்கள். உதவி கேட்பது கோழைமையன்று. முற்றுகையிடப்பட்ட கோட்டை துணைப்படையை அழைப்பது போன்றது அது.

செஞ்சிக் கோட்டையைக் கட்டியோர் பகைவன் வரவே மாட்டான் என நம்பியிருக்கவில்லை. வந்தால் தாமதிக்கச் செய்யவே வழி கண்டனர். துயரமும் எந்த வீட்டுக்கும் வரக்கூடும். அது வரும் நாளில் நஞ்சு தொலைவிலும் மனிதர் அருகிலும் இருக்கும்படி வீட்டை அமைத்துக்கொள்வதே அறிவுடைமை.