மேகம் மட்டும் போதுமா?

செண்பகத்தோப்புச் சாம்பல் நிற அணிலை வீட்டிலிருந்தே கைப்பேசியில் கண்டு களிக்கிறோம். படம் எடுத்தவர் எத்தனை நாள் காத்திருந்தாரோ! ரசிப்பது நன்று. ஆனால் நம் படங்களையும் பாடல்களையும் ‘மேகத்தில்’ மட்டும் வைத்துவிட்டு நிம்மதியாய் இருப்பது நன்றன்று என்பதே எங்கள் கருத்து.

அந்த மேகம் வானத்தில் இல்லை. யாரோ ஒரு நிறுவனத்தாரின் கணினியில் இருக்கிறது. மைஸ்பேஸில் சேர்த்திருந்த பல ஆண்டுப் பாடல்கள் அழிந்த செய்தி 2019இல் வெளியாயிற்று. கூகுள் பிளே மியூசிக் 2020 டிசம்பரில் மூடப்பட்டது. அறிவிப்பைக் கவனித்து மாற்றிக்கொள்ளாதவர்கள் தம் சேமிப்பை இழந்தனர்.

எங்களில் ஒருத்தியின் தாத்தா பாடிய தாலாட்டு, கடவுச்சொல் மறந்ததால் கிடைக்காமலே போயிற்று. தாத்தாவும் இன்று இல்லை. ஆனால் ராஜபாளையம் ஸ்டுடியோவில் எடுத்த அவருடைய திருமணப் படம் இன்றும் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுச் சுவரில் தொங்குகிறது!

ஆகவே தோழியரே, மேகத்திலும் வைப்போம். பென் டிரைவிலும் ஒரு பிரதி வைப்போம். ஆண்டுக்குப் பத்துப் படங்களையாவது அச்சிட்டு ஆல்பத்தில் ஒட்டுவோம். பெற்றோர்களே, கடவுச்சொல்லை எழுதிப் பத்திரங்களோடு பூட்டி வையுங்கள். தாத்தா பாட்டியின் குரல் அடுத்த தலைமுறைக்கும் கேட்கட்டும்.

— பத்தாம் வகுப்பு மாணவி