டாக்டரிடம் சொல்லவும்

மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

குறைதீர்க்கும் நாளில் நான் கொடுத்த மனுக்களுக்கு ஒப்புகைச் சீட்டைத் தவிர எதுவும் வரவில்லை. அதனால் ஊரறிய எழுதுகிறேன். முதியோர் இல்லங்களுக்கான விதிகள் உங்களுக்குத் தெரியும். நான் சொல்ல வந்தது ஒரு நர்ஸ் நோட்டைப் பற்றி.

என் அம்மா ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். பக்கவாதம், கூடவே சுகர்; தானாகப் புரண்டு படுக்க முடியாது. ஒரு திங்கட்கிழமை, இரவுப் பணியில் இருந்த சிஸ்டர் நோட்டில் எழுதினார்: "இடுப்புக்குக் கீழே சிவப்பு. அழுத்தினால் வெளுக்கவில்லை. டாக்டரிடம் சொல்லவும்." படுக்கைப்புண்ணின் முதல் நிலை அதுதான். தோல் இன்னும் கிழிந்திருக்காது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட்டு, அந்த இடத்தில் பாரம் விழாமல் காத்தால் பெரும்பாலும் ஆறிவிடும். அந்தப் பெண் சரியான நேரத்தில் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறார். புதன்கிழமை, கொப்புளம். வெள்ளிக்கிழமை, தோல் உரிந்து நீர் கசிகிறது. ஒவ்வொரு குறிப்பின் முடிவிலும் அதே வரி: டாக்டரிடம் சொல்லவும்.

எப்படிச் சொல்வார்? டாக்டர் வருவது சனிக்கிழமை மட்டும். சிஸ்டர்கள் அவருக்கு நேரடியாகப் போன் செய்யக் கூடாது, மேலாளர் வழியாகத்தான் பேச வேண்டும். மேலாளர், "சனிக்கிழமை வருவார்ல, பார்த்துக்கலாம்" என்றாராம். வந்த டாக்டர் பிரஷர், சுகர் அளவைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். நோட்டைத் திறக்கவில்லை. அம்மாவைத் திருப்பிப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் காய்ச்சல், உளறல். மருத்துவமனையில் கறுத்துச் செத்த சதையை வெட்டி எடுத்தபோது அடியில் எலும்பு தெரிந்தது. கிருமி ரத்தத்தில் கலந்திருந்தது. அம்மா பிழைக்கவில்லை.

பிறகு உங்கள் அதிகாரி ஆய்வுக்குப் போனார். சமையலறையைப் பார்த்தார், கழிவறையைப் பார்த்தார், "திருப்தி" என்று எழுதினார். நர்ஸ் நோட்டைக் கேட்கவே இல்லை. அதை எனக்குக் காட்டிய சிஸ்டரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். கண்ணால் பார்த்து, கையால் எழுதி, வாயால் சொன்ன ஒரே ஆளுக்குத்தான் தண்டனை. இதற்கு உங்கள் மனம் எப்படி ஒப்புகிறது, ஐயா?

இனி புண்ணைப் பார்க்கும் சிஸ்டர் அந்த நிமிடமே டாக்டரை அழைக்கட்டும். அழைத்த நேரமும் அவர் சொன்ன பதிலும் அதே நோட்டில் ஏறட்டும். அந்தப் பெண்ணை மறுபடி வேலையில் சேர்க்கச் சொல்லுங்கள். அங்கே இன்னும் பல அம்மாக்கள் மல்லாந்து கிடக்கிறார்கள். நாளைக் காலையே ஒரு மருத்துவரை அனுப்பி ஒவ்வொருவரையும் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். சனிக்கிழமை வரை காத்திருக்காதீர்கள்.