எல்லாக் குளவியும் எதிரி இல்லை



குளவி என்றதும் நமக்கு ஞாபகம் வருவது மலையகத்தில் கொழுந்து பறிக்கும் தாய்மார் குளவிக்கொட்டுக்கு ஆளான செய்திகள்தான். ஆனால் மனிதருக்கு ஒரு தீங்கும் செய்யாத மிகச் சிறிய குளவிகளும் உண்டு. நாம் தினமும் குடிக்கும் பிளேன்டீக்குப் பின்னால் அப்படி ஒரு குளவியின் உழைப்பு இருக்கிறது.

1930களில் நம் தேயிலையை ஒரு புழு பாடாய்ப் படுத்தியது. இலைகளை நூலால் ஒட்டி, உள்ளே இருந்துகொண்டு தின்னும் புழு. தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் 1935-36இல் ஜாவாவிலிருந்து மக்ரோசென்ட்ரஸ் என்ற குளவியைக் கொண்டுவந்து தோட்டங்களில் விட்டார்கள். அது புழுவின் உடலுக்குள் முட்டையிடும். பொரித்து வருபவை அந்தப் புழுவையே தின்று வளரும். காலப்போக்கில் புழு அடங்கியது.

அடுத்து நடந்ததுதான் பாடம். தேயிலைக் கிளைகளைத் துளைக்கும் ஒரு சின்ன வண்டு உண்டு. 'ஷொட் ஹோல் போரர்' என்பார்கள். கிளைக்குள் சுரங்கம் தோண்டி, அதில் பூஞ்சணம் வளர்த்துத் தின்னும். கிளை பலமிழந்து முறியும். அதை ஒழிக்க டீல்ட்ரின் மருந்தை அடித்தார்கள். அந்த மருந்து குளவியையும் கொன்றது. அடங்கிக் கிடந்த புழு மறுபடி கிளம்பியது. ஒரு பூச்சிக்கு அடித்த மருந்து இன்னொரு பூச்சியை வளர்த்துவிட்டது. அதே டீல்ட்ரின் 2001 ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையின் தடைப் பட்டியலிலும் சேர்ந்தது.

அப்படியானால் மருந்தே வேண்டாமா? 2021 மே மாதம் இரசாயன உரத்தையும் மருந்தையும் ஒரே அடியாக நிறுத்தியதன் விளைவை நாம் எல்லோரும் அனுபவித்தோம். நவம்பரில் அந்தத் தடையைத் தளர்த்த வேண்டி வந்தது. அதிலிருந்து 'இயற்கை முறை' என்றாலே சிலருக்குச் சிரிப்பு வருகிறது. அது நியாயமில்லை. 1935இல் வென்றது அவசர உத்தரவு அல்ல. எந்தப் புழுவுக்கு எந்தக் குளவி என்று படித்தறிந்தவர்களின் பொறுமை. கலிஃபோர்னியாவில் யூகலிப்டஸ் மரங்களைத் துளைத்த வண்டுக்கும் இப்படித்தான், அதன் முட்டைகளைத் தாக்கும் குளவியை அவுஸ்திரேலியாவிலிருந்து கொண்டுபோனார்கள்.

அல்லாஹ் படைப்பில் வைத்த மீஸானைப் பற்றி ஜும்ஆவில் கேட்கிறோம். தேனீயின் பெயரிலும் எறும்பின் பெயரிலும் சூராக்கள் இருப்பதைப் பிள்ளைகளுக்குப் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் அந்தப் பிள்ளை ஏ.எல். முடித்து, "பூச்சிகளைப் பற்றிப் படிக்கப் போறேன்" என்றால் நம்மில் எத்தனை பேர் சம்மதிப்போம்? டொக்டர், என்ஜினியர், இல்லையென்றால் வியாபாரம் என்றுதானே சொல்வோம்? தேயிலைச் சபை நம் கொள்ளுப்பிட்டி காலி வீதியில்தான் இருக்கிறது. அந்தத் தேயிலையைக் காக்கும் அறிவு மட்டும் நம் வீடுகளுக்குள் வராமல் இருக்கலாமா?

இன்றைக்கே செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. மொட்டைமாடிக் கறிவேப்பிலையிலோ மிளகாய்ச் செடியிலோ, முதுகில் அரிசி மணி போல வெள்ளைக் கூடுகள் ஒட்டிய புழுவைக் கண்டால் மருந்து அடிக்காதீர்கள். அந்தப் புழு எப்படியும் பிழைக்காது. கூடுகளிலிருந்து குளவிகள் வெளிவரும். பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். இன்ஷா அல்லாஹ், ஒரு பிள்ளைக்காவது ஆர்வம் வரும்.