நோயாளியின் வீட்டில் நமக்கு என்ன வேலை?

நோயாளியை நலம் விசாரிப்பது முஸ்லிம்களுக்கிடையேயுள்ள கடமைகளுள் ஒன்று என்பதை மதரஸாவின் சிறு பிள்ளைகளும் ஒப்பிப்பார்கள். நம் ஊர்களில் அது ஆப்பிள் பையும் ஹார்லிக்ஸ் பாட்டிலுமாகச் சுருங்கிவிட்டது. பத்து நிமிடம் அமர்ந்து, துஆச் செய்து, எழுந்துவிடுகிறோம். பக்கவாதத்தில் விழுந்தவரை இரண்டு மணி நேரத்துக்கொரு முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். தவறினால் படுக்கைப்புண் வந்துவிடும். நாம் எழுந்து வந்த பிறகு இரவெல்லாம் அதைச் செய்பவர் பெரும்பாலும் அவருடைய மனைவிதான்.

நம் மாவட்டத்தின் எல்லையைத் தாண்டினால் கேரளம். கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் 1993-இல் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் ஆகியோர் தொடங்கிய வலி தணிப்புச் சிகிச்சைப் பணி, பின்னர் ஊர்மக்கள் கைக்கு வந்தது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மலப்புறம் அதில் முன்னே நின்றது. பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் செவிலியருடன் வீடு வீடாகச் செல்கிறார்கள். செவிலியர் புண்ணுக்கு மருந்திடும்போது, வீட்டில் அரிசி இருக்கிறதா, பிள்ளை பள்ளிக்குப் போகிறதா என்று இவர்கள் கேட்டறிகிறார்கள். 2008-இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது.

தமிழகத்திலும் 2021 ஆகஸ்ட் 5 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' நடைபெறுகிறது. இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. இயன்முறை மருத்துவமும் வலி தணிப்புச் சேவையும் அதில் உண்டு. ஆனால் அவர்கள் வந்துபோன பின் அடுத்த முறை வரும்வரை நோயாளியைப் பார்த்துக்கொள்வது யார்? அந்த இடைவெளி ஜமாஅத்துக்குரியது என்பதே நம் கருத்து.

பெண் நோயாளிகளைக் காரணம் காட்டிச் சிலர் தயங்கலாம். பெண்களுக்கும் பயிற்சி அளிப்போமே! அகழ்ப் போரில் காயமுற்ற சஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களுக்கு மருத்துவம் பார்த்தவர் ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணி.

முட்டம் போன்ற கடற்கரையில் அண்டை வீட்டார் பெரும்பாலும் கத்தோலிக்க மீனவர்கள். அங்கும் நாம் போகத்தான் வேண்டும். நபி (ஸல்) அவர்கள் தமக்குப் பணிவிடை செய்த யூதச் சிறுவன் நோயுற்றபோது, அவன் வீடு தேடிச் சென்று தலைமாட்டில் அமர்ந்தார்கள்.

பைத்துல்மாலிலிருந்து ஒரு சக்கர நாற்காலி, இரண்டு காற்று மெத்தைகள் வாங்கலாம். ஆண்களில் இருவர், பெண்களில் இருவர் பெயர் கொடுத்தால் போதும். பயிற்சிக்கு அரசு மருத்துவமனையை நாமே அணுகலாம். வரும் ஜும்ஆவுக்குப் பின் முதலில் மஹல்லாவில் படுக்கையில் இருப்போரின் பட்டியலை எழுதுவோம், இன்ஷா அல்லாஹ்.